ஆறு நிமிஷ மிச்சம்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. பொட்டி இதுதான். ஆன் பண்ணிக் காட்டுதேன். நல்லா ஓடுற கம்ப்யூட்டரை எதுக்குக் குடுக்கீங்கன்னு போன்லயே கேட்டீங்க. நேர்ல வாங்க, சொல்லுதேன்னேன். உங்க பொண்ணு படிப்புக்குன்னு சொன்னீங்க இல்லையா, அதனால சொல்லாம குடுக்கக் கூடாது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. கதையைக் கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்லுதோம்னு போயிட்டாங்க. நீங்களும் அப்படிப் போகலாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா கேட்டுட்டுப் போங்க.

என் பேரு இன்பராஜ். இங்க பாளையங்கோட்டையில ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிடுதேன். இருபத்திரண்டு வருஷம் ஆயிட்டு. வாத்தியார் இல்ல. வாத்தியார் பாடம் நடத்துவாரு, மிஷின் நின்னுட்டா "இன்பராஜைக் கூப்பிடு"ம்பாரு. வந்து சரி பண்ணிட்டா எல்லாரும் ஸ்க்ரீனைப் பாப்பாங்க. நம்மளை யாரும் பாக்க மாட்டாங்க. கல்யாணம் பண்ணிக்கிடல. என் தங்கச்சி பியூலா, அவ மக ஜெனிட்டா, நான், மூணு பேரும் இந்த வீட்லதான் இருந்தோம். பியூலா வீட்டுக்காரர் வில்சன் தவறினப்ப ஜெனிட்டாவுக்கு ஏழு வயசு. அன்னைக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். இப்ப அவ நர்சிங் படிக்கா.

பியூலா டீச்சர். ரெண்டாம் வகுப்பு. அவ குரலைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பாட்டுக்காரி எல்லாம் இல்ல. சர்ச்சுல பாட்டுக் குழுவுல நின்னா கடைசி வரிசைதான். ஆனா அம்பது பிள்ளைக கத்துற வகுப்புல அவ சத்தத்தைக் கூட்ட மாட்டா, குறைப்பா. டீச்சர் என்ன சொல்லுதாங்கன்னு கேக்கறதுக்காக ஒவ்வொரு பிள்ளையா வாயை மூடும். ஒரு நாள் அவ பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பாக்கப் போனேன். ஜன்னல் வழியா நானே நின்னு கேட்டேன். என்ன பாடம்னு ஞாபகம் இல்ல. என் தங்கச்சிதானேன்னு ஒரு இது, பாத்துக்கிடுங்க.

போன வருஷம் மார்ச்சுல அவளுக்குச் சோறு முழுங்க முடியல. அல்சரா இருக்கும்னு ஒரு மாசம் போச்சு. அப்புறம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். தொண்டைக்குக் கீழ, உணவுக்குழாய் ஆரம்பிக்கிற இடத்துல கட்டி. கேன்சர். குரல்ல ஒரு குறையும் இல்ல, ஆனா கட்டி இருக்கிற இடம் அப்படி, குரல்வளையையும் சேத்துத்தான் எடுக்கணும்னாங்க.

"அப்ப பேச்சு?"ன்னு நான்தான் கேட்டேன். அந்த டாக்டரம்மா என்னைப் பாக்கல, பியூலாவைப் பாத்துத்தான் சொன்னாங்க. "பேச்சு வராதும்மா. மூச்சுக்குக் கழுத்துல ஒரு துவாரம் வைப்போம். உங்களுக்கு இருக்கிற நிலையில குழாய் வச்சுப் பேசுற முறையும் ஒத்து வராது."

பியூலா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "மக படிப்பை முடிக்கிறவரை இருப்பேனா டாக்டர்?"

"அதுக்குத்தானேம்மா இவ்வளவும் செய்யுதோம்."

"அப்ப சரி"ன்னா. வெளிய வந்து ஜெனிட்டாவுக்கு போன் போட்டு, "சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டா. வேற ஒண்ணும் சொல்லல.

ஆபரேஷனுக்கு இருபத்தேழு நாள் இருந்துச்சு. அந்த ஆஸ்பத்திரியிலயே பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஒரு பொண்ணு ஒரு விஷயம் சொல்லிச்சு. பெங்களூர்ல ஒரு குழு இருக்காம். குரல் போகப் போறவங்க, போறதுக்கு முன்னாடி ஒரு ஆயிரத்தறநூறு வாக்கியம் வாசிச்சுப் பதிஞ்சு குடுத்தா, அதை வச்சு அவங்க குரலையே செஞ்சு குடுப்பாங்களாம். அப்புறம் போன்ல டைப் அடிச்சா, அவங்க சொந்தக் குரல்லயே பேசும். ஒரே ஒரு நிபந்தனை, சத்தம் சுத்தமா இருக்கணும். கல்யாண வீட்டு வீடியோ எல்லாம் உதவாது, மேளம்தான் கேக்கும். பதியுறதுக்கு ஒரு சின்ன ரெக்கார்டரும் இரவலாக் குடுத்தாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கீங்க? இருபத்திரண்டு வருஷமா மவுசு துடைச்சவன் நான். என் தங்கச்சிக்கு என்னால செய்ய முடியுற ஒரு காரியம் வந்துட்டுன்னு கண்ணுல தண்ணி வந்துட்டு.

உள் ரூம்ல ஜன்னலுக்கெல்லாம் மெத்தையை நிறுத்தினேன். மே மாசம். ஃபேன் போடக் கூடாது, சத்தம் வரும். வேர்த்து ஊத்த ஊத்த அவ வாசிப்பா. அந்த வாக்கியங்களைக் கேக்கணுமே! "மாவட்ட ஆட்சியர் நாளை காலை வருகிறார்." "வடக்குக் கடற்கரையில் பலத்த காற்று வீசும்." எல்லா எழுத்துச் சத்தமும் வரணும்னு அப்படி எழுதியிருப்பாங்களாம். பியூலா வாசிச்சுட்டுச் சிரிப்பா. "ஏண்ணே, இவரு ஒருநாளாவது நம்ம வீட்டுக்கு வந்திருக்காராண்ணே? ஆபரேஷன் முடிஞ்சு நான் முதல்ல இதைத்தான் பேசப்போறேனா?" சிரிச்சா அந்த வாக்கியம் கெட்டுப்போகும். மறுபடி வாசிக்கணும்.

முதல் ரெண்டு நாள் நான் அவ எதுத்தாப்புல உக்காந்திருந்தேன். அவதான் கேட்டா. "நீ இங்கன உக்காருண்ணே. சும்மா சுவரைப் பாத்து வாசிக்க வரல. யாராவது கேட்டாத்தான் எனக்கு வாசிக்க வரும்." மூணாம் நாள்லருந்து ஜெனிட்டாவை உக்கார வச்சேன். எனக்கு இந்தப் பக்கம் வேலை இருந்துச்சு. வேலைன்னா இந்தப் பொட்டிதான்.

ஜெனிட்டாவோட ஆன்லைன் கிளாசுக்குன்னு நானே பாத்துப் பாத்துச் சேத்தது. இந்த மதர்போர்டு இருக்கு பாருங்க, இருக்கிறதுலயே அடிமட்டம். ரேம் செருக ரெண்டே ரெண்டு இடம். சூடு தாங்குற தகடுகூடக் கிடையாது. இதுல ரேம் 2666ல ஓடும், அதான் கம்பெனி வச்ச எண்ணு. அதுக்கு மேல ஏத்துறதை ஓவர்கிளாக்குன்னு சொல்லுவோம். வேகம் மட்டும் இல்ல, டைமிங்குன்னு ஒண்ணு இருக்கு. ரேம் ஒரு வேலையை முடிச்சுட்டு அடுத்த வேலைக்குப் போறதுக்கு நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்கும். எவ்வளவு நேரம் மூச்சு வாங்கலாம்னு பயாஸ்ல, அதாவது மிஷினோட அடி செட்டிங்குல, இருபது முப்பது எண்ணு இருக்கும். ஒவ்வொரு எண்ணையும் குறைக்கக் குறைக்க மிஷின் வேகமாகும். ரொம்பக் குறைச்சா தப்புப் பண்ணும்.

பியூலா தினமும் எம்பது வாக்கியம் வாசிப்பா. அதை ரெக்கார்டர்லருந்து இதுல ஏத்துவேன். காக்கா சத்தம், குக்கர் விசில் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, ஒவ்வொரு வாக்கியமா வெட்டணும். அந்த வேலைக்கு இந்தப் பொட்டிக்கு அம்பது நிமிஷம் ஆச்சு. எனக்குப் பொறுக்கல. நாள் எண்ணிக்கிட்டு இருக்கோம், இதுல இது அம்பது நிமிஷம் எடுத்துக்கிடுதுன்னு. முதல்ல 3200க்கு ஏத்தினேன். தடுமாறாம ஓடிச்சு. டைமிங் பத்தொம்பதுலருந்து பதினாறுக்கு இறக்கினேன். அதையும் தாங்கிச்சு! இந்த போர்டுல அண்ணாச்சி, இந்த போர்டுல! அப்புறம் 3466. அதுவும் ஏறிட்டு. நாப்பத்துநாலு நிமிஷத்துல வேலை முடிஞ்சுச்சு.

ஓடிப்போய்ச் சொன்னேன். "பியூலா, ஆறு நிமிஷம் மிச்சம்!"

அவ வெந்நி குடிச்சுக்கிட்டு இருந்தா. ஒவ்வொரு மடக்கா, கண்ணை மூடி மூடி. முழுங்கிட்டு, "அந்த ஆறு நிமிஷத்தை வச்சு என்னண்ணே செய்யப்போற?"ன்னா. அவளுக்கு கம்ப்யூட்டர் அவ்வளவாத் தெரியாது. "எனக்கு அவசரம் இல்லண்ணே, அது பாட்டுக்கு ஓடட்டும். நீ சித்த நேரம் இங்க வா"ன்னா. வாரேன்னு சொல்லிட்டு இந்தப் பொட்டிகிட்டயே திரும்பி வந்துட்டேன். ஒரு எண்ணு பாக்கி இருந்துச்சு.

இன்டர்நெட்ல எங்களை மாதிரி ஆளுங்க ஒரு குழு வச்சிருக்கோம். யாரு எந்த போர்டுல எவ்வளவு ஏத்தினாங்கன்னு போடுவோம். என் ஸ்க்ரீனைப் போட்டோ எடுத்துப் போட்டேன். "இந்த போர்டுலயா? எப்படிண்ணே?"ன்னு இருநூறு பேருக்கு மேல கேட்டாங்க. ஒருத்தன் என்னை குருன்னே எழுதியிருந்தான். நான் அதைப் பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்லுதேன்.

இருபத்தோராவது நாள், பட்டியல் முடிஞ்சுட்டு. ஆயிரத்தறநூறும் ஆச்சு. அன்னைக்கு மத்தியானம் பியூலா ஜெனிட்டாவைக் கடைக்கு அனுப்பிட்டா. என்னையும் வெளிய இருக்கச் சொன்னா. "எந்தப் பொத்தானை அமுக்கணும்னு மட்டும் சொல்லிக்குடு. நான் என் இஷ்டத்துக்குக் கொஞ்சம் பேசப்போறேன்."

"பெங்களூர்க்காரங்க குடுத்த பட்டியல்ல இல்லாததைப் பேசினா அவங்களுக்குப் பிரயோஜனம் இல்ல பியூலா."

"அவங்களுக்கு இல்லண்ணே"ன்னா. கதவைச் சாத்திக்கிட்டா.

நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். ரேம் தப்புப் பண்ணுதான்னு பாக்கிற டெஸ்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் அவ குரல் லேசாக் கேக்கும், வார்த்தை புரியாது. நடுவுல ஒரு தடவை பாடின மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை ஜெனிட்டா பேரு கேட்டுச்சு. என் பேரும் கேட்டுச்சுன்னு நெனைக்கேன், நிச்சயமாத் தெரியல. ஏன்னா சரியா அந்த நேரத்துலதான் ஸ்க்ரீன்ல எரர் பூஜ்யத்துலருந்து ஒண்ணு ஆச்சு. ஒண்ணே ஒண்ணு. மூணு மணி நேரத்துல ஒரே ஒரு எரர். பதினாறு ஜிபியில எங்கயோ ஒரு மூலையில ஒரு புள்ளி தப்பு. ஒரு படி இறக்கியிருக்கணும். 3200க்குப் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா 3466ன்னு எல்லாருக்கும் போட்டாச்சு. ஒரு எரர்தானே, சூடு ஜாஸ்தி, மே மாசம், அதனாலன்னு நெனைச்சு டெஸ்டை நிறுத்திட்டேன்.

கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. கண்ணு சிவந்திருந்துச்சு, ஆனா முகம் நல்லா தெளிவா இருந்துச்சு. ரெக்கார்டரை என் கையில குடுத்தா. "இதைக் கேக்காதண்ணே. பத்திரமா மட்டும் வை. என்னைக்குக் குடுக்கணுமோ அன்னைக்கு நானே ஜெனிட்டாகிட்ட குடுத்துக்கிடுதேன். உனக்கும் அதுல கொஞ்சம் இருக்கு."

முப்பத்தெட்டு நிமிஷம். ஃபைல் நீளம் அது. நான் திறக்கல. கேக்காதன்னு சொல்லிட்டால்லா, தங்கச்சி சொன்னதை மதிக்கணும்லா?

எல்லாத்தையும் இதுல ஏத்தினேன். பெங்களூர்க்காரங்க ஒரே ஃபைலாக் கட்டி அனுப்பச் சொன்னாங்க. ஆயிரத்தறநூறு வாக்கியம், அந்த முப்பத்தெட்டு நிமிஷம், எல்லாத்தையும் ஒரே மூட்டையா அமுக்கிக் கட்டினேன். கடகடன்னு முடிஞ்சுட்டு, அவ்வளவு வேகம். பெங்களூருக்கு அனுப்பினேன். ஜெனிட்டா, "மாமா, ஒரு காப்பி வைங்க"ன்னா. ஒண்ணு என்ன, ரெண்டு பென்டிரைவ்ல வச்சேன். ரெக்கார்டரை இரவல் குடுத்தவங்களுக்கு, உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சுச் சுத்தமாத் திருப்பிக் குடுத்தேன். இரவல் பொருளை அப்படித்தானே குடுக்கணும்?

ஆபரேஷனுக்கு மூணு நாளைக்கு முன்னாடி இந்தப் பொட்டி புளூ ஸ்க்ரீன் அடிச்சு நின்னுட்டு. திரும்ப ஆன் பண்ணினா விண்டோஸ் ஏறல. எனக்குப் பதட்டமே இல்ல. மூட்டைதான் மூணு இடத்துல இருக்கே! டிஸ்க்கை மொத்தமா ஃபார்மட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டேன். அரை மணி நேர வேலை. பியூலா துணிமணி எடுத்து வச்சுக்கிட்டு இருந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு ஒரு சிலேட்டு வாங்கிட்டு வந்திருந்தா, பிள்ளைக சிலேட்டு.

மதுரைக்குப் பஸ்ல போனோம். வழி பூராவும் பேசினா. நான் அவளை அவ்வளவு பேசிக் கேட்டதே இல்ல. சின்ன வயசுல நான் அவளைச் சைக்கிள்லருந்து கீழ தள்ளினது, வில்சன் பொண்ணு பாக்க வந்தப்ப அவர் சட்டையில பட்டன் இல்லாதது, எல்லாம். நான் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். நடுவுல கொஞ்சம் தூங்கிட்டேன். முந்தின நாள் விண்டோஸ் போட்ட அசதி.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு. பதினாலு நாள் நான்தான் கூட இருந்தேன். கழுத்துத் துவாரத்தைத் துடைக்க, சளி எடுக்க, மூக்கு வழியாக் கஞ்சி ஊத்த, எல்லாம் நர்சுகிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சேன். இதுல எல்லாம் என்மேல யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. வலிச்சா என் கையைப் பிடிச்சுக்கிடுவா. சிலேட்டுல முதல்ல எழுதினது என்ன தெரியுமா? "மாவட்ட ஆட்சியர் வந்தாரா?" நானும் சிரிச்சேன், அவளும் சிரிச்சா. சத்தமே வராம தோள் மட்டும் குலுங்குச்சு. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, சிரிப்புச் சத்தமும் சேந்துதான் போயிட்டுன்னு.

ஆறாம் நாள் பெங்களூர்லருந்து கடிதம் வந்துச்சு, மெயில்ல. "நீங்கள் அனுப்பிய கோப்பு முதல் பன்னிரண்டு வாக்கியங்களுக்கு மேல் திறக்கவில்லை. மூலப் பதிவுகளை மீண்டும் அனுப்பவும்."

ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு படிச்சேன். அப்பவும் எனக்கு ஒண்ணும் ஆகல. பென்டிரைவ் இருக்கேன்னு நெனைச்சேன். ஜெனிட்டாவைக் காவல் வச்சுட்டு அன்னைக்கே ஊருக்கு வந்தேன். முதல் பென்டிரைவ், பன்னிரண்டு வாக்கியம். ரெண்டாவது பென்டிரைவ், அதே பன்னிரண்டு. ஒரு மூட்டையைக் கட்டும்போதே உள்ள ஒரு புள்ளி தப்பாப் போயிருக்கு, அதைத்தான் நான் மூணு இடத்துக்குக் காப்பி பண்ணியிருக்கேன். ரெக்கார்டரை அழிச்சாச்சு. டிஸ்க்கை ஃபார்மட் பண்ணியாச்சு. அழிஞ்ச ஃபைலை மீட்கிற மென்பொருள் ஒண்ணு விடாம ஓட்டினேன். ஒண்ணும் வரல. இந்தத் தரையிலதான் உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. பக்கத்து வீட்டம்மா வந்து, "தம்பி, தங்கச்சிக்கு என்னமும் ஆயிட்டா?"ன்னு பதறிப்போய்க் கேட்டாங்க.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம் தினமும் காலையில சிலேட்டுல எழுதுவா. "என் குரல் வந்துட்டா?" நான், "வேலை நடக்கு, இன்னும் ஆகலையாம்"ன்னு சொல்லுவேன். பதினோரு நாள் சொன்னேன். அவ நம்பினா. ஒரு நாள் எழுதினா, "வந்ததும் முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போகணும்."

பன்னிரண்டாம் நாள் ஜெனிட்டா பெங்களூருக்கு போன் பண்ணிட்டா. அப்புறம் மறைக்க என்ன இருக்கு? பியூலா கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன். எதுனால ஆச்சுன்னு ஆரம்பத்துலருந்து சொன்னேன். 3466, டைமிங், ரேம் மூச்சு வாங்குற நேரம், அதுல ஒரே ஒரு எண்ணை மட்டும் நான் அளவுக்கு மீறிக் குறைச்சது, ஒரு எரர், அதை நான் சூட்டுனாலன்னு நெனைச்சது. பேப்பர்ல படம் போட்டே காட்டினேன். அரை மணி நேரம் இருக்கும். கேட்டுக்கிட்டே இருந்தா.

நான் முடிச்சதும் சிலேட்டை எடுத்து ரெண்டு வார்த்தை எழுதினா. "கடைசி ஃபைல்?"

இல்லன்னு தலையை ஆட்டினேன்.

"என்ன பேசினன்னு ஞாபகம் இருந்தா எழுதிக் குடு பியூலா, நான் அப்படியே டைப் அடிச்சுப் பத்திரமா வைக்கேன்"ன்னு சொன்னேன். அவ என்னையே பாத்தா. அப்புறம் அந்த ரெண்டு வார்த்தையை முந்தானையால துடைச்சா. சிலேட்டை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

வெளிய வந்ததும் ஜெனிட்டா என்னைப் பிடிச்சுக்கிட்டா. "மாமா, இவ்வளவு நேரம் பேசினீங்களே, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" சின்னப் பொண்ணு, கோவம் இருக்கும். நான் சொல்லாம என்ன? காரணம் பூராவும் சொன்னேனே. எந்த எண்ணுன்னு முதக்கொண்டு சொன்னேன்.

அதுக்கப்புறம் பியூலா எங்கிட்ட பேசுறதில்ல. பேச்சுதான் இல்லையே, எப்படிப் பேசுவா? பால்காரருக்கு எழுதிக் காட்டுவா. சர்ச்சுலருந்து வாரவங்களுக்குச் சிலேட்டு நிறைய எழுதுவா, எழுதிச் சிரிக்கவும் செய்வா. எங்கிட்ட எழுத என்ன இருக்கு, எனக்குத்தான் அவளுக்கு என்ன வேணும்னு தெரியுமேன்னு விட்டுட்டா போல. ரெண்டு மாசம் கழிச்சு அவளும் ஜெனிட்டாவும் கே.டி.சி. நகர்ல வீடு பாத்துப் போயிட்டாங்க. இங்க மாடி ஏற அவளுக்கு மூச்சு வாங்குதாம். வாஸ்தவம்தான், உங்களுக்கே வரும்போது தெரிஞ்சிருக்கும். புது வீடும் மாடிதான். ஆனா அங்க படி உயரம் கம்மி.

டீயை ஆறவிட்டுட்டீங்களே. குடிங்க.

போன மாசம் அங்க போனேன். நானாத்தான் போனேன். பத்து மாசம் ஆயிட்டு, மனசு கேக்கல. ஜெனிட்டா கதவைத் திறந்தா. கதவுல வச்ச கையை எடுத்துட்டு, "வாங்க மாமா"ன்னா. பியூலா ஹால்ல உக்காந்திருந்தா. இளைச்சிருந்தா. கழுத்துல வெள்ளைத் துணி. என்னைப் பாத்ததும் எழுந்துட்டா. மடியில இருந்த போனை எடுத்து டைப் அடிச்சா.

ரெண்டு செகண்டு கழிச்சு போன் பேசிச்சு. "அண்ணா, வாருங்கள். அமருங்கள்."

யாரோ ஒரு பொம்பளை குரல். எல்லாப் போன்லயும் சும்மா வருமே, அது. பாங்குல டோக்கன் கூப்பிடுற குரல் மாதிரி. என் தங்கச்சி என்னை அண்ணான்னு கூப்பிட்டதே இல்ல. நாப்பத்தேழு வருஷமா அண்ணேதான். அழுதுருவேன்னு தெரிஞ்சுச்சு. அப்ப பாத்து அந்த ரெண்டு செகண்டுதான் எனக்குக் கண்ணுல பட்டுச்சு. டைப் அடிச்சு ரெண்டு செகண்டு கழிச்சுப் பேசுது. அது அவசியமே இல்ல அண்ணாச்சி. போன் செட்டிங்குல மாத்தினா முக்கால் செகண்டுக்குக் கொண்டுவந்துரலாம்.

"குடு பியூலா, நான் அதைச் சரி பண்ணித் தாரேன்"ன்னு கையை நீட்டினேன்.

அவ போனை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. ரெண்டு கையாலயும். கோவமாப் பாக்கல. பயந்த மாதிரிப் பாத்தா. என்னைப் பாத்து! நான் கையை இறக்கிட்டேன். அப்புறம் அவ திரும்பி உக்காந்து டைப் அடிச்சா. ரொம்ப நேரம் அடிச்சா. அழிச்சு அழிச்சு அடிச்சா. நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பொம்பளை குரல் சொல்லிச்சு, "அண்ணா, நீங்கள் எதையும் சரி செய்ய வேண்டாம். கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்காருங்கள். அது போதும்."

உக்காந்தேன். அவ பக்கத்துலயே உக்காந்தேன். அவ என் கையை எடுத்து அவ கையில வச்சுக்கிட்டா, ஆஸ்பத்திரியில பிடிச்சுக்கிட்ட மாதிரியே. கழுத்துத் துவாரத்துல அவ மூச்சு போறது வாரது கேட்டுச்சு. ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவு நிம்மதியா நான் இருந்தே ஒரு வருஷம் ஆச்சு.

அப்ப அடுப்படியில குழாய் சொட்டுற சத்தம் கேட்டுச்சு. டக், டக்குன்னு. தண்ணி வீணாப் போகுதுல்லா? அவளுக்கும் அது எரிச்சலாத்தானே இருக்கும்? இதோ வந்துட்டேன்னு கையை உருவிக்கிட்டுப் போனேன். வாஷர் தேஞ்சிருந்துச்சு. ஜெனிட்டாகிட்ட ஒரு பழைய ரப்பர் செருப்பு கேட்டு வாங்கி, வட்டமா வெட்டிப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தப்ப அவ நாற்காலி காலியா இருந்துச்சு. உள் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. "அம்மா படுத்துட்டாங்க மாமா"ன்னு ஜெனிட்டா சொன்னா. கூப்பிடட்டுமான்னு அவ கேக்கல. நானும் கூப்பிடுன்னு சொல்லல. கதவுக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல.

குழாய் மட்டும் நின்னுட்டு அண்ணாச்சி. ஒரு சொட்டுகூட விழல.